கடற்கரையில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: ராமேசுவரத்தில் பொறுக்கிய சிப்பிகளையும் கரை ஒதுங்கிய மரக்கட்டையையும் வைத்து நிலைக்கண்ணாடிக்குச் சட்டம் செய்தேன். மழைக்காலம் வந்ததும் கட்டை பிசுபிசுக்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது, சிப்பிகள் உதிர்கின்றன. பசையை மாற்றவா? – வாசகி, மதுரை

பதில்: பசையை மட்டும் மாற்றினால் போதாது, கட்டைக்குள் இருக்கும் உப்புதான் காரணம். மாதக்கணக்கில் கடலில் ஊறிய மரம் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே உப்பை வைத்திருக்கும், காற்றில் ஈரம் ஏறியதும் அந்த உப்பு அதை இழுத்துக்கொள்ளும், அப்புறம் எந்தப் பசையும் நிற்காது. சட்டத்தைப் பிரித்துவிடுங்கள். கட்டையை நல்ல தண்ணீரில் முழுக ஊறப்போட்டு தினமும் தண்ணீரை மாற்றுங்கள். நாக்கில் வைத்தால் கரிக்காத வரை என்றெல்லாம் வேண்டாம், பெரிய கட்டைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். ஆணி அடிப்பதாக இருந்தால் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை.

சிப்பியையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். வினிகர், எலுமிச்சைச் சாறு, பாத்ரூம் ஆசிட் எதுவும் வேண்டாம். சிப்பி முழுக்கச் சுண்ணாம்பு, புளிப்பு பட்டால் கரைந்து பளபளப்பு போய்விடும். ஒட்டுவதற்கு வெள்ளை மரப்பசை ஈரத்தில் இளகும், இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்சி பசைதான் சரி. அடுத்த முறை பொறுக்கும்போது சுருள் ஓடுகளைக் கவிழ்த்துப் பாருங்கள், துறவி நண்டு குடியிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கரையில் செத்துக் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து மீன் தொட்டியில் வைக்கலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். பாறை கட்டும் பவளமும் கடல் விசிறியும் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன, கடல்குதிரையும் அப்படியே. செத்த துண்டுதானே என்பது சட்டத்தில் எடுபடாது. உங்கள் ஊருக்கு இது கண்முன் நடந்த கதை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். உங்கள் எதிரே இருக்கும் வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்து, அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள். தொட்டிக்கு உடைந்த மண்பானை ஓடு போடுங்கள், மீன்கள் சந்தோஷமாக ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: கரையில் கிழிந்த வலை, கயிறு, மிதவை, ஒற்றைச் செருப்பு என்று கிடக்கிறது. இதில் அழகாக ஏதாவது செய்ய முடியுமா? – கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: தாராளமாக! சிப்பியைவிட இதைத்தான் எல்லாரும் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கடலில் விடப்பட்ட வலை யாரும் இழுக்காமலேயே ஆமையையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் எரூப் தீவுக் கலைஞர்கள் அப்படிப்பட்ட வலைகளைக் கொண்டே ஆமை, சுறா, மீன் என்று ஆளுயரத்துக்கு மேல் பின்னுகிறார்கள், அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. கென்யாவில் ‘ஓஷன் சோல்’ கரை ஒதுங்கிய ரப்பர் செருப்புகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கி யானை, ஒட்டகச்சிவிங்கி செய்கிறது.

முதலில் ஒன்று: மணலில் கிடக்கும் வலையெல்லாம் குப்பை இல்லை, காயப்போட்டதாகவோ பொத்தல் பார்க்க வைத்ததாகவோ இருக்கும். பக்கத்தில் இருக்கும் மீனவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் அவரே வேண்டாத வலையைத் தூக்கிக் கொடுப்பார். எடுத்த துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலித்தீன், அதில் பெயின்ட்டும் பசையும் ஒட்டாது, அதனால் முடிச்சு, பின்னல், தையல் என்று போக வேண்டும். மூழ்கினால் பெரும்பாலும் நைலான், சாயம் ஏறும். தங்கூஸ் நரம்பில் மிதவைகளைக் கோத்துத் தொங்கவிட்டால் ஜன்னல் திரை ஆகிவிடும். தொட்டால் பொடியாகும் கயிறு வேண்டாம், அது வீட்டுக்குள் பிளாஸ்டிக் தூளைத்தான் உதிர்க்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும் காலம், மணலுக்குள் புதைந்த வலையைத் தோண்டி இழுக்காதீர்கள், வெளியே தெரிவதை மட்டும் வெட்டி எடுங்கள்.

கேள்வி: குமரிக் கரையில் பொறுக்கிய குட்டிக் குட்டி வெள்ளை மணிகளை ரெசின் ஓவியத்தில் போடலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அவை பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போகும் மூலப்பொருள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ‘எம்எஸ்சி எல்சா 3’ கப்பல் மூழ்கியபோது மூட்டை மூட்டையாகச் சிதறி உங்கள் கரைவரை வந்தன. கடல்நீரில் இருக்கும் நச்சுகளை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் இது, குழந்தைகள் கையில் தர வேண்டாம். கையுறை போட்டு அள்ளி, கரையைச் சுத்தம் செய்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.