அமெரிக்காவில் மரபுப்படி அடக்கம் செய்ய எவ்வளவு ஆகும்?

அங்குள்ள ஈமச்சடங்கு நிறுவனங்களின் தேசியச் சங்கக் கணக்குப்படி, 2023-இல் உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்ய ஆன இடைநிலைச் செலவு 8,300 டாலர். சரி, அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லறை நிலம், குழி தோண்டும் கூலி, நடுகல் எதுவும் இதில் சேராது. சவப்பெட்டியைச் சுற்றி இறக்கும் கான்கிரீட் பெட்டியும் தனி. சட்டம் அதைக் கேட்பதில்லை. பல கல்லறைத் தோட்டங்கள் கேட்கும்.

சவப்பெட்டியில்தான் பணம் கரையும். துக்க வீட்டுக்காரர் பேரம் பேசமாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும். 1984 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, தொலைபேசியிலேயே விலை கேட்கலாம். நேரில் போனால் தனித்தனி விலைப் பட்டியலைக் கையில் தர வேண்டும். பெட்டியை வெளியில் வாங்கி வந்தாலும் மறுக்கக் கூடாது, அதற்கென்று கட்டணமும் போடக் கூடாது. அதனால் இப்போதே இரண்டு மூன்று இடங்களில் பட்டியல் வாங்கி வையுங்கள். அப்புறம், அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்புத் திட்டம் இறப்புக்கென்று தரும் தொகை வெறும் 255 டாலர்தான்.