தவக்கால வெள்ளியில் பத்துப் பேருக்கு இரவு உணவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு எட்டு விருந்தினர் வருகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் என்பதால் இறைச்சி கிடையாது. அன்று நான் வேலை முடிந்து வீடு திரும்பவே ஆறு மணியாகிவிடும். ஏழரைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். இறால், மீன் என்று நான்கைந்து வகை செய்தால்தான் விருந்தாக இருக்கும் என்கிறார் கணவர். காலையிலேயே ராஜ்மாவை மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் போட்டுவிட்டுப் போய்விடு என்கிறாள் தோழி. வருகிறவர்களில் ஒரு குடும்பம் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தது. அவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை. வெறும் காய்கறியை வைத்து விருந்தாளிகளை அனுப்பிவிட்டோமே என்று பிறகு வருந்தக் கூடாது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் தோழியின் யோசனையைத் தள்ளிவிடுங்கள். ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தளதளவென்று கொதிக்கிற நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது வெந்தால்தான் அது அழியும். மின்பானையின் சூடு பல நேரங்களில் கொதிநிலையைத் தொடுவதே இல்லை. அந்த இளஞ்சூட்டில் கிடக்கும்போது நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ராஜ்மாதான் வேண்டுமென்றால் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகு பானைக்கு மாற்றலாம். ஆனால் அலுவலகத்துக்கு ஓடும் காலையில் அந்தப் பொறுமை யாருக்கு இருக்கும்?

அடுத்து, விதிகள். கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தியையும் (நாளுக்கு ஒரே ஒரு முழு உணவு) சுத்தபோசனத்தையும் சேர்த்து அனுசரிக்கச் சொல்வது திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டும். மற்றத் தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம் போதும், அதாவது இறைச்சி கூடாது, அவ்வளவுதான். மீனுக்குத் தடை இல்லை; முட்டைக்கும் பால் பொருள்களுக்கும் தடை இல்லை என்பதை 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட திருத்தூது அரசாணை தெளிவாக்கிவிட்டது. பதினான்கு வயது நிரம்பியவர்களுக்கே இந்தக் கடமை. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட வேண்டாம். காலண்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா, வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்று சுத்தபோசனக் கடமையே இல்லை.

ஆர்த்தடாக்ஸ் மரபு இதைவிடக் கண்டிப்பானது. பெரிய நோன்பில், அதாவது அவர்களுடைய தவக்காலத்தில், இறைச்சியோடு மீன், முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாமே விலக்கு. வார நாள்களில் எண்ணெயையும் விடுகிறவர்கள் உண்டு. ஆனால் இறாலும் நண்டும் அவர்களுக்கு ஆகும். முதுகெலும்புள்ள மீன்தான் ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகளின் உயிர்ப்பு ஞாயிறு பல ஆண்டுகளில் நம்முடையதற்குப் பிந்தியே வரும். 2024-இல் மார்ச் 31-க்கும் மே 5-க்கும் இடையே ஐந்து வார வித்தியாசம் இருந்தது. 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்றே வந்தன. எனவே அவர்களுக்கு நோன்பு தொடங்கிவிட்டதா, எண்ணெய் சேர்க்கலாமா என்ற இரண்டையும் இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? தங்கள் நோன்பை மதித்து ஒருவர் விசாரிப்பது யாருக்கும் மகிழ்ச்சிதான். மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு தட்டில் எதைத் தொடுவது என்று தெரியாமல் தவிக்கவிடுவதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

இனி உங்கள் கணவரின் கருத்து. விதியைப் பார்த்தால் அவர் சொல்வதில் தவறில்லை, இறாலுக்குத் தடை கிடையாது. ஆனாலும் நான் உடன்பட மாட்டேன். இறைச்சியை விட்டுவிட்டு அதைவிட விலை கூடியதை மேசை நிறைய அடுக்கினால், விட்டது என்ன? தவக்கால உணவு எளிமையாக இருப்பதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அது எளிமையாகத்தான் இருக்க வேண்டும். உங்களைப் போல் மூச்சுவிட நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய விடுதலை என்று நினைக்கிறேன். ஆண்டின் வேறு எந்த நாளிலும் ஒரே ஒரு குழம்பை நடுவில் வைத்து விருந்தளிக்க நாம் துணிவதில்லை. தவக்காலம் அந்தத் துணிச்சலைத் தருகிறது. விருந்தினரும் உங்கள் வகைகளை எண்ணிப் பார்க்க வரவில்லை. வீட்டுக்காரி அடுப்பே கதியென்று நிற்காமல் தங்களோடு அமர்ந்து சாப்பிடுவது எந்தக் கூடுதல் பதார்த்தத்தையும்விட அவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

ஆகவே ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலையும் காளானும் சேர்ந்த கெட்டியான குழம்பு, கூடவே சோறு அல்லது ரொட்டி, பச்சைக் காய்களின் சாலட், பழம். குழம்பை வியாழக்கிழமை இரவே முடித்துவிடுங்கள். கடலைக் குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும். உப்பும் காரமும் கடலைக்குள் இறங்க அதற்கு நேரம் கிடைக்கிறது.

உங்கள் வீட்டாரையும் சேர்த்துப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். 600 கிராம் காய்ந்த கடலை போதும். வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். வியாழன் காலை வேலைக்குப் புறப்படும்போது கொஞ்சம் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்பு தோலை மென்மையாக்கும். வெயில் கடுமையாக இருந்தால் பாத்திரத்தைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது நல்லது, இல்லாவிட்டால் மாலைக்குள் புளித்துவிடலாம். இரவில் பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். தக்காளியை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். புளிப்பு கூடவே இருந்தால் கடலை எவ்வளவு நேரமானாலும் விறைப்பாகவே நிற்கும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதன் பிறகுதான் தக்காளி.

இறைச்சி இல்லாத குழம்பு சப்பென்று இருக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். மசாலாவைக் கூட்டினால் அந்தக் குறை தீராது. இறைச்சி தருகிற அந்த ஆழமான சுவைக்குப் பெரிய காரணம் குளூட்டமேட். நன்கு பழுத்த தக்காளியிலும், காளானிலும், சோயா சாஸிலும் அது தாராளமாக இருக்கிறது. காளானை அகலமான வாணலியில், ஒன்றன்மேல் ஒன்று குவியாமல், எண்ணெய் இல்லாமலே வதக்கலாம். முதலில் நீர் விடும். அது முழுக்க வற்றி, விளிம்புகள் பழுப்பேறும் வரை விடுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் அது வதங்காது, அவிந்துதான் போகும். வெங்காயத்தையும் எண்ணெயின்றி, அடிப்பிடிக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி நீர் தெளித்துத் தெளித்துப் பொன்னிறமாக்கலாம். தக்காளியை நிறம் கருத்துச் சுண்டும் வரை வதக்கிய பிறகு கடலையை அது வெந்த நீரோடு ஊற்றுங்கள், அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கைப்பிடிக் கடலையை மசித்துச் சேர்த்தால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். கடையில் விற்கும் சூப் கட்டிகளைச் சேர்ப்பதாக இருந்தால் உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். காய்கறிப் படம் போட்டவற்றிலும் சில சமயம் பால் பொருள் இருக்கும்.

இப்படிச் செய்தால் பாத்திரத்தில் எண்ணெயும் இல்லை, பாலும் இல்லை; எல்லோருக்கும் ஒரே குழம்பு. பூண்டும் மிளகாயும் பொரித்த எண்ணெயைத் தனிக் கிண்ணத்தில் மேசையில் வைத்துவிடுங்கள், விரும்புகிறவர்கள் தங்கள் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும். ஆர்த்தடாக்ஸ் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரம் வைத்து அவர்களைப் பிரித்துக் காட்டாமல் இருப்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இரவில் குழம்பு முடிந்ததும் பெரிய பாத்திரத்தோடு அப்படியே மூடிவைக்க வேண்டாம். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சோற்றை முந்தின நாளே வடிக்காதீர்கள். வெள்ளி மாலை குழம்பைச் சூடாக்குவதற்குள் சோறும் ஆகிவிடும். குழம்பு நன்றாகக் கொதி வரட்டும். இறக்கும் முன் எலுமிச்சைச் சாறு பிழிந்து, உப்புப் பாருங்கள். ஆறவைத்துச் சூடாக்கிய குழம்புக்கு இன்னும் ஒரு சிட்டிகை தேவைப்படும்.

சாலட்டுக்குக் காய் நறுக்கும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள். நான்கைந்து வகை கேட்டவர் அவர்தானே, மகிழ்ச்சியாகச் செய்வார். நீங்கள் ஆறு மணிக்கு வந்து, குளித்து, ஏழரைக்குக் கதவைத் திறக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்