பட்டம் இல்லாத 24 ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. ‘நான் பின்பற்ற விரும்பும் தேசத் தலைவர்’ என்று எட்டாம் வகுப்புக்குக் கட்டுரை கொடுத்திருந்தேன். அதையொட்டி வ.உ.சி.யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “கப்பல் கம்பெனி மூடிப்போயிற்று, சிறைக்கும் போனார், கடைசிவரை வறுமை. அவர் தோற்றவர்தானே டீச்சர்? தோற்றவரை எதற்குப் பின்பற்ற வேண்டும்?” என்றாள். தியாகம், நாட்டுப்பற்று என்று ஏதேதோ சொல்லி மணியடிக்கும்வரை ஓட்டிவிட்டேன். அவள் முகம் தெளியவில்லை. உண்மையில் எனக்கும் தெளியவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள ஆசிரியைக்கு,

“ஆமாம் அம்மா, தோற்றார்” என்று சொல்லியிருக்கலாம். நாம் மழுப்பினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுதேசி கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்துவிட்டன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. வ.உ.சி.யும் சிறைக்குப் போனபின் தாக்குப்பிடிக்க ஆளில்லை. 1911இல் கம்பெனி கலைந்தது. வியாபாரக் கணக்கில் இதற்குத் தோல்வி என்றுதான் பெயர்.

ஆனால் உங்கள் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பொறுப்பு நம்முடையது. நாம் அவரை இரண்டு பட்டங்களாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்: கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல். மாறுவேடப் போட்டிக்கு இரண்டும் தோதானவை. அட்டையில் ஒரு கப்பல் அல்லது தெர்மோகோலில் ஒரு செக்கு, ஒட்டு மீசை, வேலை முடிந்தது. (சின்ன வயதில் அந்தச் செக்கை நானும் இழுத்திருக்கிறேன். ஆறுதல் பரிசு.) கப்பலையும் செக்கையும் கூட்டினால் ஆறேழு ஆண்டுகள்தான் வருகின்றன. அவர் விடுதலையானது 1912 டிசம்பர், இறந்தது 1936 நவம்பர். நடுவில் கிடக்கும் 24 ஆண்டுகளுக்கு நம்மிடம் பட்டமே இல்லை.

1908 மார்ச்சில் அவர் கைதானபோது திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசுக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து அதே மனிதர் வெளியே வந்தபோது ஊர் திரண்டு வரவில்லை. வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னது பறிபோயிருந்தது. பேர்போன வக்கீல், நாற்பது வயதில், சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்டினார்.

அந்த நாட்களில் ஒரு பண விவகாரம். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியிடம் இருந்தது. 1915இல் அதைப் பற்றிக் கடிதங்கள் போய் வந்தன. பணம் கைக்கு வர அடுத்த ஆண்டு பிறந்துவிட்டது: 347 ரூபாய் 12 அணா. மானமுள்ளவன் பணத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டான் என்று நமக்கொரு நினைப்பு உண்டு. இவர் திறந்தார். லட்சங்களில் பங்கு திரட்டிய கை, தனக்கென வந்த சில நூறு ரூபாயை நினைவூட்டிக் கடிதம் எழுதியது. எனக்கு அவர் செக்கிழுத்ததைவிட இது பெரிதாகப் படுகிறது. செக்கு பிறர் சுமத்தியது. இந்தக் கடிதத்தை அவரே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

இதே நெருக்கடிக்கு நடுவில்தான் 1917இல் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். 1928இல் தொல்காப்பியம் எழுத்ததிகாரம், இளம்பூரணர் உரையோடு. பதிப்பு வேலை என்ன என்று சுவடியைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஓலையில் புள்ளி இராது. எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று ஒவ்வொரு சொல்லாக முடிவு செய்ய வேண்டும். நாளைக்கு அரிசிக்கு என்ன வழி என்ற கவலையோடு இதைச் செய்தவர் அவர்.

இன்னொன்று. அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தவர் பின்ஹே என்ற ஆங்கிலேய நீதிபதி. சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற இன்னோர் ஆங்கிலேயர். அந்த நன்றிக்குத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில் வெள்ளைக்காரர் பெயரில் ஒரு பிள்ளை! மேடைப் பேச்சில் இது அதிகம் அடிபடாது. ஆனால் உங்கள் வகுப்பு சிரித்துக்கொண்டே கேட்கும்.

மண்டேலாவின் கதையைச் சொல்வது எளிது. 27 ஆண்டு சிறைக்குப் பின்னால் ஜனாதிபதி நாற்காலி வந்துவிடுகிறது. வ.உ.சி. கதையில் நாற்காலி கடைசிவரை வரவில்லை. அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கும் வரப்போவதில்லை. நமக்கும் வரவில்லை அல்லவா?

கடைசிக் காலத்தில் அவர் எழுதிவைத்த உயிலில் கடன் பட்டியல் ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கடை பாக்கி, ஜவுளிக் கடை பாக்கி என்று. தேடினால் கிடைக்கும். வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.