கேள்வி – பதில்: 40,000 பேர் வந்தார்கள், ஒருவரும் தங்கவில்லை

கேள்வி: 3 ஆண்டுகளாக வலைப்பூ எழுதி வருகிறேன். சென்ற ஆண்டு எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு சர்ச்சையைப் பற்றி ஒரே இரவில் எழுதிய பதிவு, ஒரு வாரத்தில் 40,000 பார்வைகளைப் பெற்றது. அடுத்த மாதமே எண்ணிக்கை பழையபடி சில நூறுக்கு வந்துவிட்டது. அன்று முதல் பரபரப்பான விஷயங்களையே தேடித் தேடி எழுதுகிறேன். கூட்டம் வருகிறது, போகிறது. எனக்குத்தான் எழுதும் ஆசை குறைந்துவிட்டது. நிலையான வாசகர்களைப் பெறுவது எப்படி?

பதில்: அவர்கள் உங்களைத் தேடி வரவில்லை, சர்ச்சையைத் தேடி வந்தார்கள். விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டம், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை விசாரித்துக்கொண்டு போவதில்லை. அவர்கள் தங்காததற்கு நீங்கள் வருந்தத் தேவையில்லை. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு எதை எழுதுவது என்ற முடிவையே அவர்களிடம் ஒப்படைத்துவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

முதலில், நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். பக்கப் பார்வை என்பது பக்கம் திறக்கப்பட்டதைச் சொல்லுமே ஒழிய, படிக்கப்பட்டதைச் சொல்லாது. ஒருவரே 3 முறை திறந்தால் 3 என்றே கணக்கில் ஏறும். ‘மீண்டும் வந்தவர்கள்’ என்று புள்ளிவிவரக் கருவிகள் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. பெரும்பாலும் உலாவியில் சேமிக்கப்படும் குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பை வைத்தே அவை பழைய ஆளை அடையாளம் காண்கின்றன என்பதால், கைபேசியில் ஒருமுறையும் கணினியில் ஒருமுறையும் வந்தவர் இரண்டு பேராகிவிடுகிறார். போதாக்குறைக்கு, தளத்தின் நிரல் வைக்கும் இத்தகைய குக்கிகளின் ஆயுளை ஆப்பிளின் சஃபாரி உலாவி 2019இல் 7 நாட்களாகக் குறைத்துவிட்டதால், அதன் வழியே மாதம் ஒருமுறை தவறாமல் வந்து படிக்கும் உங்கள் மிக நல்ல வாசகர், ஒவ்வொரு முறையும் புதியவராகவே பதிவாகிறார்.

தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்னும் கருவியில் வேறொரு பட்டியல் இருக்கிறது: எந்தச் சொற்களைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை அது காட்டும். அதில் உங்கள் பெயரோ வலைப்பூவின் பெயரோ தலைகாட்டத் தொடங்கினால், மாதம் பத்துப் பேரே ஆனாலும், அவர்கள் உங்களை நினைவில் வைத்துத் தேடியவர்கள். மின்மடலுக்குத் தாமாகவே முகவரி தந்தவர்களும், பழைய பதிவை மேற்கோள் காட்டிப் பின்னூட்டம் இடுபவர்களும் இந்த வகையினர்தாம். நான் எண்ணுவதாக இருந்தால் இந்த மூன்று தரப்பை மட்டுமே எண்ணுவேன்.

பிறர் வாசல் வழியாக வரும் கூட்டத்தை நம்பியிருப்பதில் இன்னொரு இடரும் உண்டு. நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தபோது, அதையே நம்பியிருந்த தளங்கள் பல தம் வாசகர் வரத்தை இழந்தன. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஆனால் அது பயன்படுத்திய ஆர்.எஸ்.எஸ். ஓடை (ஒரு தளத்தின் புதிய பதிவுகளைச் செயலிகள் தாமாகவே பெற்றுக்கொள்ள உதவும் வடிவம்) எந்த நிறுவனத்துக்கும் உரிமையானதல்ல என்பதால், வாசகர்கள் தம் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்கு மாற முடிந்தது. ஆகவே சொந்தமாக ஒரு தள முகவரி, வேலை செய்யும் ஓர் ஓடை, நீங்களே பதிவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய மின்னஞ்சல் பட்டியல் ஆகிய மூன்றையும் இந்த வாரமே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி எழுத்துக்கு வருவோம். சர்ச்சைக்கு முன்பு எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சற்று உறுத்தலான மௌனம் அது. அந்தத் துறைக்கே திரும்புங்கள். பழைய பதிவுகளில் பிழை கண்டால் தேதியிட்டுத் திருத்துங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டி கொடுங்கள், பின்னூட்டத்தில் வரும் நல்ல கேள்விக்கு அடுத்த பதிவிலேயே விரிவாக விடை சொல்லுங்கள். அந்தச் சர்ச்சைப் பதிவை அழிக்க வேண்டாம். அதன் முடிவில், நீங்கள் உண்மையில் எழுத விரும்பும் பொருளைப் பற்றிய இரண்டு பதிவுகளுக்குச் சுட்டி வையுங்கள். இன்னமும் அங்கே வருபவர்களில் யாரோ ஒருவர் உள்ளே வரட்டும்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை பதிவுகள் எழுத வேண்டும்?

பதில்: உடல்நலம் குன்றிய வாரத்திலும் உங்களால் எத்தனை முடியுமோ அத்தனை. ஒன்றுகூட முடியாதென்றால் மாதம் இரண்டு என்று அறிவித்துவிட்டு, சொன்ன நாளில் வெளியிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் தேடுபொறி வழியாக வருபவர்களை மறந்துவிடலாமா?

பதில்: வேண்டாம், புதியவர்கள் பலர் அவ்வழியேதான் வருகிறார்கள். ஆனால் ஒரு வரியில் விடை சொல்லிவிடக்கூடிய பதிவுகளை மட்டும் குவிக்காதீர்கள். கூகுள் 2024 மே மாதம் முதல், செயற்கை நுண்ணறிவு தொகுத்த சுருக்கங்களைத் தேடல் முடிவுகளின் மேலேயே காட்டத் தொடங்கிவிட்டதால், அந்த ஒரு வரிக்காக உங்கள் தளம்வரை வர வேண்டிய தேவை பலருக்கு இருக்காது. நீங்களே செய்து பார்த்து, தோற்று, மறுபடி செய்த கதையைப் படிக்க விரும்புகிறவர் அந்தச் சுருக்கத்தைத் தாண்டியும் வருவார்.