சுத்தமான கத்தி – கடிதம்

அன்புள்ள அக்கா,

சூடானில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டி, சிறு துளை மட்டும் விட்டுத் தைத்து மூடும் பெண்ணுறுப்புச் சிதைப்பு பற்றிய உங்கள் கட்டுரை தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு சந்தேகம். சட்டம் போட்டால் ஒளிந்து செய்வார்கள். அதற்குப் பதில் மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டரே சுத்தமாகச் செய்துவிட்டால் பாதிப்பாவது குறையாதா? இது மதம் சொல்வதா என்றும் எழுதுங்கள்.

செல்வா

அன்புள்ள செல்வா,

குர்ஆனில் இது இல்லை. எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நடந்திருக்கிறது. மதப் பேச்சு இதோடு போதும்.

'சுத்தமாக' என்றீர்களே, அந்த வார்த்தைதான் எரிச்சலூட்டுகிறது. உங்கள் யோசனையை சூடான் நூறு வருஷம் முன்பே செய்து பார்த்துவிட்டது. 1921இல் ஓம்துர்மானில் மருத்துவச்சிப் பள்ளி தொடங்கிய மேபல் உல்ஃப் என்ற ஆங்கிலேயப் பெண், நிறுத்தத்தான் முடியாது, குறைத்தாவது வெட்டட்டும் என்று கிருமிநாசினியோடு சொல்லிக்கொடுத்தார். நல்ல மனசுதான். 2014 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 87 சதவீதம் பேர் வெட்டப்பட்டவர்கள். படித்த மருத்துவச்சியே செய்கிறாள் என்றால் பெற்றவளுக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

மருந்து சீழைத் தடுக்கும், ரணஜன்னியைத் தடுக்கும். தைத்து மூடியதைத் திறக்குமா?

என் பெரியக்கா ஜித்தாவில் பிரசவ வார்டு நர்ஸ். சில சூடானியப் பெண்கள் கழிவறைக்குள் போனால் கால் மணி நேரம் ஆகுமாம். வரிசை நிற்கிறதே என்று கதவைத் தட்டித் திட்டியிருக்கிறாள். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் வலியோடு வந்தவளைப் பரிசோதிக்கப் போனால் விரல் நுழைய இடமில்லை. தழும்பு விரிந்துகொடுக்காது, குழந்தையின் தலை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. கீறித் திறந்தார்கள். ரத்தம் நிற்க நேரமாயிற்று. குழந்தையை மார்பில் போட்டதும் அவள் கேட்டாளாம், பழையபடி தைத்துவிடுவீர்கள்தானே என்று.

ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் சொன்னது: மூடித் தைக்கப்பட்ட தாய்களின் குழந்தைகள் பிறக்கும்போதோ பிறந்த உடனேயோ இறக்கும் ஆபத்து வெட்டப்படாத தாய்களின் குழந்தைகளைவிட 55 சதவீதம் அதிகம். அத்தனையும் டாக்டரும் நர்ஸும் இருந்த இடங்களில் நடந்த பிரசவங்கள், செல்வா.

2020இல் சூடான் இதைக் குற்றமாக்கியது. ஒளிந்து செய்வார்களா? ஒளிக்கவேண்டிய காரியம் என்றாவது ஆகட்டும்.

பெரியக்காவுக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அந்தத் தம்பி மரத்துப்போற ஊசியை எத்தனை வருஷத்துக்குப் போடுவாராம்?" என்றாள். பதில் எழுதுங்கள், அவளிடம் சொல்கிறேன்.