பழைய லேப்டாப்பில் புது டிஸ்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வரும் கேள்விகளில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. லேப்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது, ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாமா, இல்லை புதுசே வாங்கிவிடலாமா? பெரும்பாலானவர்களுக்கு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டாலே போதும். ஆனால் செய்யும் முறை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்டால் என் காலேஜ் வேலைக்கு ஆகுமா? கடையில், "இந்த மாடலில் எஸ்எஸ்டி வேகமே வராது" என்கிறார்கள். (கல்லூரி மாணவி, அரூர்)

கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. டிஸ்க்கை லேப்டாப்போடு சேர்க்கும் இணைப்புக்கு சாட்டா என்று பெயர். அந்தக் கால லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது சாட்டா-2. நொடிக்கு 3 ஜிகாபிட் வரைதான் போகும், அதாவது சுமார் 280 எம்பி. இன்றைய சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை கொடுக்கக்கூடியது. அந்த முழு வேகம் உங்களுக்குக் கிடைக்காது, உண்மைதான்.

ஆனால் லேப்டாப் திணறுவதற்குக் காரணம் அது இல்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகும். படிக்கும் முள் சரியான இடத்துக்கு நகர வேண்டும், தட்டின் அந்தப் பகுதி சுற்றி வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, அதனால் இந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. சாட்டா-2 ஆக இருந்தாலும் வித்தியாசத்தை முதல் நாளே உணர்வீர்கள்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். 256 ஜிபி போதும். மாற்றும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். அடியில் உள்ள மூடியைத் திறந்தால் ஒரு தகரச் சட்டத்துக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதை மேலே தூக்காதீர்கள், கனெக்டர் உடைந்துவிடும். பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினால் தானாகக் கழன்று வரும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான். பழைய சட்டத்தின் நான்கு ஸ்க்ரூவையும் எஸ்எஸ்டியில் முடுக்கிவிட்டால் ஆடாது.

ஆனால் ரேமை 2 ஜிபியிலேயே விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். குறைந்தது 4 ஜிபி ஆக்குங்கள், முடிந்தால் 8. பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள், டிடிஆர்-3 வகையிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த புராசஸரை ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். காலேஜ் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். டேலி இருக்கும் லேப்டாப்பின் டிஸ்க்கை மாற்ற வேண்டும். எப்போது செய்யலாம்? (காவேரிப்பட்டணம்)

சீசன் முடிந்த பிறகு. மே முதல் ஜூலை வரை லோடு வந்துகொண்டே இருக்கும்போது இதில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

முதலில் டேலியில் பேக்கப் எடுத்து, இரண்டு தனித்தனி இடத்தில் வையுங்கள். அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, ஒரு லெட்ஜரையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி டிஸ்க்கைக் கழற்றக்கூடாது. அப்புறம், பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். புது டிஸ்க்கில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். விண்டோஸ் 10, 11-இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மாற்றிய பிறகு பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் சிக்கலில்லாமல் போட்டு முடித்த பிறகு அதை என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபாண்டுகள் எல்லாம் இருக்கின்றன. புதிதாக விண்டோஸ் போட்டுத்தான் ஆக வேண்டுமா? (பென்னாகரம்)

வேண்டாம். உங்களுக்குக் குளோன் செய்வதுதான் சரி, அதாவது பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுப்பது. பாமினி, வானவில் போன்ற ஃபாண்டில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பல வருட வேலை அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

குளோன்ஜில்லா இலவசம், பென்டிரைவிலிருந்தே ஓடும். வழக்கமான அமைப்பில், புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று அது கேட்கும். 500 ஜிபியிலிருந்து வருகிறீர்கள் என்றால் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள், தலைவலி இருக்காது. எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் கடை டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டு எல்லாம் போய்விடும். இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் முன்பே தாளில் எழுதி வைத்து, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்டர் அழுத்துங்கள்.

பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க் இயங்கும் முறை ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் எதில் இருக்கிறதோ அதை அப்படியே விடுங்கள். மாற்றினால் நீலத்திரை வரும். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக ஒரு பென்டிரைவிலும் காப்பி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது. அதனால் அந்த லேப்டாப்பை இன்டர்நெட்டில் இணைக்காமல் வைப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம். குழந்தைகளின் போட்டோ எல்லாம் அதில்தான். குளோன் செய்து பார்க்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

உடனே ஆஃப் செய்யுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே முள் தட்டில் உரசிக்கொண்டிருந்தால், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் போட்டோக்கள் சுரண்டப்படுகின்றன. ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து டேட்டா மீட்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், உங்களுக்கு அது பக்கம்தான். கொடுக்கும் முன் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டி வாங்கினேன், ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் லேப்டாப் காட்டவே மாட்டேன் என்கிறது. (ஓசூர்)

எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற வகையும் உண்டு. சில பழைய லேப்டாப்களின் ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். நீங்கள் வாங்கியது என்விஎம்இயாகத்தான் இருக்க வேண்டும். லேபிளைப் பாருங்கள், மாடல் எண்ணுக்கான கையேட்டில் ஸ்லாட் வகையையும் பாருங்கள். பில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

புது எஸ்எஸ்டியில் 256 ஜிபி என்று போட்டிருக்கிறது, விண்டோஸ் 238 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? மாதம் ஒருமுறை டிஃப்ராக் செய்யலாமா? (பாலக்கோடு)

ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். டிஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்க்கும் வேலை, வேண்டவே வேண்டாம். எஸ்எஸ்டிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை, எழுதி எழுதி ஆயுள்தான் குறையும். எஸ்எஸ்டிக்குத் தேவையானது டிரிம், அதாவது அழித்த ஃபைல்கள் இருந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வேலை. அதை விண்டோஸ் 7 முதல் விண்டோஸே தானாகச் செய்துகொள்கிறது.