டோக்கியோ ஏன் தானாக வரவில்லை?

கேள்வி: டோக்கியோவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம். திரும்பிப் போக மட்டும் ஏறக்குறைய பதினொரு மணி நேரம். தூரம் ஒன்றுதானே? பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுவதுதான் காரணம் என்கிறேன், நண்பர்கள் சிரிக்கிறார்கள். நேரம் குறைந்தால் கட்டணமும் குறைய வேண்டாமா?
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: நண்பர்கள் சிரித்ததில் தப்பில்லை. நீங்கள் சொல்கிற காரணம் உண்மையானால் நடக்க வேண்டியது நேர்மாறாக அல்லவா? நீங்கள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மேலே அந்தரத்தில் நின்றாலே போதும். கீழே பூமி கிழக்கே நகர, மேற்கிலுள்ள டோக்கியோ மணிக்குச் சுமார் 1,350 கி.மீ. வேகத்தில் தானாக வந்து ஆறரை மணி நேரத்தில் காலடியில் நிற்கும். விமானமே வேண்டாம்! அப்படி நடக்காததற்குக் காரணம், காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் ரயிலில் துள்ளிக் குதிப்பவன் அடுத்த பெட்டியில் போய் விழுவதில்லை.

வித்தியாசத்தை உண்டாக்குவது, சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. நிலநடுக்கோட்டின் வெப்பத்துக்கும் துருவத்தின் குளிருக்கும் உள்ள வேறுபாட்டால் புறப்படும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, சுழற்சிக்குப் பங்கு உண்டு. நீங்கள் நினைத்த வழியில் இல்லை.

இந்தக் காற்றை 1920களில் பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓய்ஷி. உலகம் படிக்கட்டும் என்று அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் அதைச் சீந்தவில்லை. விளைவு, 1944இல் ஜப்பான் மீது உயரத்திலிருந்து குண்டு போட வந்த அமெரிக்க விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறின. ஜப்பானோ அதே காற்றை நம்பி, குண்டு கட்டிய ஆயிரக்கணக்கான காகித பலூன்களை அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்டது. அவற்றில் ஒன்று 1945 மே மாதம் ஆரிகன் காட்டில் ஆறு பேரின் உயிரைக் குடித்தது. அதில் ஐந்து பேர் சிறுவர் சிறுமியர்.

தூரம் ஒன்றுதான் என்பதும் பாதி உண்மை. மிகக் குறுகிய வழி 8,200 கி.மீ.க்குச் சற்று மேல். பூமி உருண்டை என்பதால், வரைபடத்தில் அது வடக்கே வளைந்து அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளை நெருங்கிப் போகும். கிழக்கே வரும் விமானி இந்தக் காற்றின் முதுகில் ஏறத் தெற்கே விலகுவார். மேற்கே போகிறவர் அதற்கு ஒதுங்கி வடக்கே போவார். சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம். பறக்கும் பாதை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் தீர்மானமாகும்.

கட்டணத்துக்கு வருவோம். மணிக்கணக்கில் வாங்கச் சொல்கிறீர்கள். சரி, வரும்போது குறைப்பதை, போகும்போது எதிர்காற்றோடு மல்லுக்கட்டிக் கூடுதலாக எரித்த எரிபொருளின் பெயரில் வசூலித்துவிடுவார்கள். இப்போதாவது அந்தப் பதினொரு மணி நேரத்துக்குச் சாப்பாடு சேர்த்துத் தருகிறார்கள்.